குடியிருக்க ஒரு வீடு: அரசாங்கம் ஏன் தலையிடுகிறது?



"அரிசி பருப்பை நம் காசு கொடுத்து நாமே வாங்கிக் கொள்கிறோம். தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். மோட்டார் சைக்கிள் வேண்டுமென்றால் கடைக்குப் போகிறோம். வீடு என்று வந்தால் மட்டும் அரசாங்கம் எதற்காக நடுவில் வர வேண்டும்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. "வீடுதான் முக்கியம் என்கிறீர்களே, அப்படியானால் அரசாங்கமே எல்லாருக்கும் இலவசமாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. லாயாங் லாயாங் வட்டாரத்துத் தோட்டங்களில் பெற்றோர் கூட்டம் முடிந்து பேசிக் கொண்டிருக்கும்போது இந்த இரண்டு கேள்விகளையும் நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். இரண்டுமே நியாயமான கேள்விகள். இன்று இந்த இரண்டுக்கும் சேர்த்தே விடை தேடுவோம்.

முதலில், வீடு என்பது மற்றச் சாமான்களைப் போன்றதா என்று பார்ப்போம்.

சட்டை சரியில்லை என்றால் மாதக் கடைசியில் வேறொன்று வாங்கலாம். ஒரு கடையில் விலை அதிகம் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். வீட்டை அப்படி மாற்ற முடியுமா? வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஒரு குடும்பம் தன் ஆயுளில் வாங்கும் பொருள்களிலேயே விலை கூடியது வீடுதான். அது நிற்பதற்கு நிலம் வேண்டும். சட்டை தேவைப்பட்டால் ஆலை இன்னும் நூறு சட்டை தைத்துத் தரும். நிலத்தை எந்த ஆலையும் செய்து தராது. அதோடு, ஒருவர் வீடு இருக்கும் நிலை அடுத்தவர் வீட்டையும் பாதிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கிழிந்த சட்டை போட்டால் நமக்குக் காய்ச்சல் வராது. அவர் வீட்டுச் சாக்கடை தேங்கி நின்றால் நம் பிள்ளைக்குத்தான் முதலில் காய்ச்சல் வரும்.

விலை, நிலம், அண்டை வீட்டார் நலம் ஆகிய இந்த மூன்றும் எல்லா ஊருக்கும் பொதுவானவை. தோட்டத்துக்கென்று நான்காவது ஒன்றும் இருக்கிறது. வேலை கொடுப்பவரே வீடும் கொடுக்கிறார் என்பதுதான் அது. இந்த நான்காவதை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். நம் பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான் வரும்.

சட்டம் லயத்துக்குள் நுழைந்த கதை

நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த காலத்தில் தோட்டம் என்பது காட்டுக்கு நடுவே இருந்தது. பக்கத்தில் ஊர் இல்லை. ஆகவே ஆட்களைக் கொண்டுவந்த தோட்ட நிர்வாகமே லயங்களைக் கட்டியது. ஒரு நீளக் கூரை. அதன் கீழே வரிசையாக அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில இடங்களில் அதற்கும் மேல். எத்தனை பேர் படுக்கலாம், தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும், கக்கூஸ் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் துரை தீர்மானித்தார். துரைக்குச் செலவு குறைந்தால் இலாபம். பேரம் பேசத் தொழிலாளிக்கு வேறு போக்கிடம் இல்லை.

இதன் விளைவு காய்ச்சலாக வந்தது. 1897ஆம் ஆண்டு ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர், மலேரியாவைப் பரப்புவது கொசு என்று இந்தியாவில் கண்டறிந்தார். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற அரசாங்க மருத்துவர், கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானிலும், சதுப்பு நிலத்தை வடித்துக் கால்வாய் வெட்டச் செய்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. பிறகு தோட்டங்களிலும் அதே வேலையைத் தொடர்ந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு குடும்பம் தன் வாசலை எவ்வளவு சுத்தமாகப் பெருக்கினாலும் அடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் பயனில்லை. ஒரு தோட்டம் மட்டும் கால்வாய் வெட்டினாலும் அடுத்த தோட்டம் வெட்டாவிட்டால் கொசு எல்லை பார்த்தா பறக்கும்? எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்ய வைக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு மட்டுமே உண்டு. குடியிருப்பு விஷயத்தில் அரசாங்கம் கைவைத்ததற்கு உலகெங்கும் முதற் காரணம் இதுவாகத்தான் இருந்தது. பம்பாயில் 1896ஆம் ஆண்டு பிளேக் நோய் பரவிய பிறகுதான், 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தொடங்கப்பட்டு, நெரிசலான குடியிருப்புகளை மாற்றி அமைக்கும் வேலை ஆரம்பமாயிற்று.

மலாயாவில், கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்டத்துக் குடியிருப்பையும் மருத்துவத்தையும் நிர்வாகத்தின் கடமையாக வைத்தது. 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னதும் அதே சட்டம்தான். ஆகவே, நேயர்களே, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கும் அரசாங்கத் தலையீட்டுக்கும் பழைய உறவு உண்டு. தோட்ட நிர்வாகத்தின் விருப்பத்துக்கே விட்டிருந்தால் பல தோட்டங்களில் பிள்ளைகள் எழுத்தறியாமலே பால்மரத்துக்குப் போயிருப்பார்கள்.

சுதந்திரத்துக்குப் பின், 1966ஆம் ஆண்டில் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டம் வந்தது. வீடு என்றால் இன்னின்ன வசதி இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. அதற்குப் பதிலாக 1990ஆம் ஆண்டில், 446ஆம் எண் சட்டம் என்று சொல்லப்படும் புதிய சட்டம் இயற்றப்பட்டது. வீட்டோடு குழாய்த் தண்ணீர், மின்சாரம், ஆயாக் கொட்டகை, மருத்துவ வசதி ஆகியவற்றையும் அது கணக்கில் எடுத்தது. வீடுகளைப் பழுது பார்த்து வைத்திருப்பதும் முதலாளியின் பொறுப்பு என்றது. 2019ஆம் ஆண்டு இச்சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூன் மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை பெரும்பாலும் தோட்டங்களையும் சுரங்கங்களையும் பார்த்து வந்த சட்டம், அன்றிலிருந்து மற்றத் தொழில்களில் தொழிலாளர்களைத் தங்க வைக்கும் விடுதிகளையும் பார்க்கத் தொடங்கியது. தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் இல்லாமல் ஆட்களை விடுதியில் தங்க வைத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கவும் இடமுண்டு. கோவிட் நோய் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில், நெரிசலான தொழிலாளர் விடுதிகளிலிருந்து நோய் எப்படி வெளியே பரவியது என்பதை நாடே பார்த்தது. வாட்சன் காலத்துப் பாடத்தை நூறு ஆண்டு கழித்து மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று.

இப்போது தோட்டங்களில் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் தங்கும் இடத்தின் நிலை நமக்கென்ன என்று நாம் இருந்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் இருந்த இடத்தில்தான் இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

வேலை போனால் வீடும் போகும்

சட்டம் வந்தது, லயம் கல்வீடு ஆனது, குழாயும் விளக்கும் வந்தன. அத்தோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை. எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் அது தோட்டத்தின் வீடு. வேலை இருக்கும்வரைதான் அதில் இருக்க முடியும்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். பெயர் வேண்டாம், நம் எல்லாருக்கும் தெரிந்த குடும்பம்தான். தகப்பனார் இருபது வயதில் பால்மரம் வெட்டத் தொடங்கினார். வாடகை கொடுக்கவில்லை. தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை. வாசலில் முருங்கை வைத்தார், பின்புறம் கோழி வளர்த்தார். நாற்பது ஆண்டு ஓடிப் போயிற்று. அறுபது வயதில் வேலையிலிருந்து நிற்கிறார். பிள்ளைகளில் ஒருவரும் தோட்ட வேலையில் இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நாற்பது ஆண்டில் வாடகையாக மிச்சமான பணம் எங்கே என்று கேட்டால், குறைந்த சம்பளத்தில் அது எப்போதோ கரைந்து போயிருக்கும். பட்டணத்தில் அவர் வயதொத்த ஒருவர் அதே நாற்பது ஆண்டில் மாதத் தவணை கட்டி ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகியிருப்பார். இவர் கையில் இருப்பது சேமநிதிப் பணமும் முருங்கை மரத்து நினைவும்தான்.

சில வேளைகளில் ஓய்வு வயதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் விற்றார்கள். இந்தத் தோட்டத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஒரே நாளில் தோட்டம் பத்துக் கையாக மாறும்போது லயத்துக்கு யார் பொறுப்பு? கோயிலுக்கு யார் பொறுப்பு? பள்ளிக்கூடம் எங்கே போவது? அதனால்தான் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றவும் பிரிக்கவும் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தில் விதி சேர்க்கப்பட்டது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும். பட்டணத்தை ஒட்டிய தோட்டங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் அசைந்தது லயத்துக் கூரைதான்.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் எங்களுக்கு இது வேறொரு வகையில் தெரியவரும். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின் மேல் கோடு விழும். குடும்பம் இடம் மாறிவிட்டது என்பார்கள். வருடத்தின் நடுவில் பள்ளி மாறும் பிள்ளை, பாடத்தில் ஒரு படி பின்தங்கும். சிலர் பிறகு எட்டிப் பிடிப்பதே இல்லை. 1957ஆம் ஆண்டில் நாட்டில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல் இருக்கின்றன. தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பிரிந்து போனது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? முதலாளி தரும் வீட்டின் தரத்தை உயர்த்தச் சட்டம் போதும். ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள முடிச்சை அவிழ்க்க அந்தச் சட்டம் போதாது. அதற்குத் தொழிலாளிக்குச் சொந்த வீடு வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பிள்ளைகள் அருகில் இருந்தால் தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளச் சொல்லுங்கள்.

2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. ஒரு குடும்பம் தன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்குக் கொடுத்தால் சாப்பாட்டுச் செலவும் பள்ளிச் செலவும் இடிக்கும். 1,700இல் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய 566 வெள்ளி. பட்டணத்தில் ஒரு சாதாரண வீடு 250,000 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். முழு விலையையும் நூற்றுக்கு 4 வட்டியில் 25 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 1,320 வெள்ளி வரும். முழுக் கடன் கிடைக்காவிட்டால் பத்தில் ஒரு பங்காகிய 25,000 வெள்ளியை முன்பணமாகக் கேட்பார்கள். ஒருவர் சம்பளத்தில் இது நடக்கிற காரியமா? கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தாலும் எட்டாது.

அதே கணக்கை 42,000 வெள்ளி வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 222 வெள்ளிதான். இது எட்டும்.

அப்படியானால் வீடு கட்டுகிறவர்கள் ஏன் 42,000 வெள்ளி வீட்டையே நிறையக் கட்டுவதில்லை? அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே துண்டு நிலத்தில் விலை கூடிய வீடு கட்டினால் இலாபம் அதிகம். நிலத்துக்கும் சிமெண்டுக்கும் இரும்புக்கும் யாருக்காகக் கட்டினாலும் ஒரே விலைதான். ஆகவே வியாபாரத்தை அதன் போக்கில் விட்டால், பணம் உள்ளவருக்கு மூன்றாவது வீடு கிடைக்கும். இல்லாதவருக்கு முதல் வீடும் கிடைக்காது. வங்கியும் அப்படித்தான். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். நிரந்தரச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். தொழிலாளி ஒழுங்காகத் தவணை கட்டக் கூடியவராகவே இருந்தாலும் அதை நிரூபிக்க அவரிடம் காகிதம் இருக்காது.

அரசாங்கம் தலையிடுவதற்கு இரண்டாவது பெருங்காரணம் இங்கே இருக்கிறது. 1982ஆம் ஆண்டில் குறைந்த விலை வீட்டின் விலை 25,000 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 750 வெள்ளிக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பங்களை மனத்தில் கொண்டு செய்த ஏற்பாடு அது. தனியார் நிறுவனங்கள் தாங்கள் கட்டும் வீடுகளில் நூற்றுக்கு முப்பதைக் குறைந்த விலை வீடாகக் கட்ட வேண்டும் என்ற கொள்கையும் வந்தது. 1998இல் விலை இடத்துக்குத் தக்கபடி 25,000 முதல் 42,000 வெள்ளி வரை என்று மாற்றப்பட்டது. பி.பி.ஆர். என்று சொல்லப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளி என்று வைக்கப்பட்டது. சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளும் தினக்கூலிகளும் வங்கிக் கடன் பெறுவதற்காக, எஸ்.ஜே.கே.பி. என்னும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் 2008இல் தொடங்கப்பட்டது. கடனை அரசாங்கம் கொடுப்பதில்லை. கொடுக்கும் வங்கிக்குப் பிணையாக நிற்கிறது. தயங்கும் வங்கியைத் தைரியப்படுத்துவதும் ஒரு வகைத் தலையீடுதான்.

பாலத்துக்கு அப்பால்

லாயாங் லாயாங்கிலிருந்து ரயிலேறிக் கூலாயைத் தாண்டினால் ஜொகூர் பாரு. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். நம் உறவினர் பலர் அங்கே அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். அந்த வீடுகள் எப்படி வந்தன தெரியுமா?

சிங்கப்பூரில் 1927ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நகர மேம்பாட்டு நிறுவனம், முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 23,000 வீடுகளைத்தான் கட்டியது. ஜனங்கள் அத்தாப்புக் குடிசைகளிலும், ஒரு கடைவீட்டைப் பத்தாகத் தடுத்த அறைகளிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அடுத்த ஆண்டு, 1961 மே 25ஆம் தேதி, புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீப்பிடித்தது. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்த அதே நிலத்தில் அரசாங்கம் அடுக்குமாடிகளைக் கட்டியது. முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும் கழகம் 50,000 வீடுகளுக்கு மேல் கட்டி முடித்தது.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? மூன்று காரியங்களை ஒன்றாகச் செய்தார்கள். பொதுத் தேவைக்கு நிலத்தை எடுக்கச் சட்டத்தைப் பலப்படுத்தினார்கள். 1964இல் வாடகை வீட்டோடு நிறுத்தாமல் வீட்டை விலைக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். 1968இல் தொழிலாளியின் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே தவணை கட்ட அனுமதித்தார்கள். இன்று அங்கே குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் கழகத்தின் வீடுகளில் குடியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீடுகள் இலவசம் அல்ல. அவர்கள் உழைத்துச் சேர்த்த பணத்தில்தான் வாங்கினார்கள். நிலத்தை ஒதுக்குவது, மொத்தமாகக் கட்டுவது, கடனுக்கு வழி செய்வது ஆகியவற்றைத்தான் அரசாங்கம் செய்தது. தனி ஆளால் செய்ய முடியாத பகுதியை அது எடுத்துக் கொண்டது. முடிந்த பகுதியை மக்களிடமே விட்டது.

நம்மைப் போலவே லயத்தில் வாழ்ந்த இன்னொரு கூட்டத்தையும் நினைத்துப் பார்ப்போம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் பல தலைமுறைகளாக லயன் அறைகளில் இருந்து வந்திருக்கிறார்கள். அங்கே இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 தனி வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் கட்டத் திட்டமிடப்பட்டது. வீட்டோடு ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம். அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அங்குள்ள தலைவர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்தியது வீட்டை விடவும் அந்த நிலத்துக்கான உறுதிப் பத்திரத்தைத்தான். பத்திரம் இல்லாத வீடு, எத்தனை அழகாக இருந்தாலும், இன்னொருவருடைய வீடுதான் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

மருந்துக்கும் அளவு உண்டு

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். அரசாங்கத் தலையீடு நல்லதென்றால், எல்லாவற்றையும் அதனிடமே விட்டுவிடலாமா?

நம் நாட்டில் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 1948 ஜனவரி மாதத்தோடு கட்டி முடிந்த பழைய கட்டடங்களின் வாடகையை உயர்த்தாமல் அது தடுத்து வைத்தது. ஏழைக் குடியிருப்பாளர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் காலம் போகப் போக, வாடகை கட்டடத்தின் பழுது பார்க்கும் செலவுக்கே போதாமல் போயிற்று. சொந்தக்காரர்கள் கூரையை மாற்றவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் தெருத் தெருவாகக் கடைவீடுகள் சிதைந்தன. 1997இல் சட்டத்தை நீக்க முடிவாகி, 2000 ஜனவரியில் கட்டுப்பாடு விலகியது. அப்போது வாடகை திடீரென உயர்ந்து பழைய குடிகள் பலர் இடம் பெயர நேர்ந்தது. விலையை மட்டும் பிடித்து நிறுத்திவிட்டுப் புதிய வீடுகளுக்கு வழி செய்யாவிட்டால், நல்ல எண்ணத்தோடு செய்த காரியமும் இப்படித் திரும்பும்.

குறைந்த விலை வீடுகளிலும் குறைகள் உண்டு. நிலம் மலிவாகக் கிடைக்கும் தொலைவான இடத்தில் கட்டினால், வேலைக்குப் போய்வரும் பெட்ரோல் செலவு வாடகையைத் தின்றுவிடும். மின்தூக்கி பழுதானால் பத்தாவது மாடிப் பாட்டி கோயிலுக்குப் போவது நின்றுவிடும். தேவையில்லாதவர் பெயரில் வீடு போய், அவர் அதை வாடகைக்கு விட்டால், வரிசையில் நின்ற தொழிலாளி வெளியே நிற்பார். இவை தலையீடே கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல. வீடு கட்டுவதோடு அரசாங்கத்தின் கடமை முடிவதில்லை. இடம், பராமரிப்பு, நேர்மையான பங்கீடு ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள்.

இலவசமாகவே கொடுத்தால் என்ன என்று கேட்டவருக்கும் இதில் விடை இருக்கிறது. வருமானமே இல்லாத முதியவருக்கும், ஊனமுற்றவருக்கும், கணவனை இழந்து கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் இலவசமாகவே கொடுக்கத்தான் வேண்டும். உழைக்கும் குடும்பத்துக்கு வேண்டியது தானம் அல்ல. தன் சம்பளத்துக்கு எட்டும் தவணையும் தன் பெயரில் ஒரு பத்திரமுமே அதற்கு வேண்டியவை. அரசாங்கத்தின் பணமும் நாம் கட்டும் வரியிலிருந்து வருவதுதான். பத்து வீட்டுக்கு இலவசமாகச் செலவிடும் பணத்தைக் கடன் உதவியாகவும் நிலமாகவும் கொடுத்தால் இன்னும் பல குடும்பங்களுக்கு அது பயன்படும்.

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கம் ஒரு கை நீட்டினால் அதைப் பிடிக்க நம் கை தயாராக இருக்க வேண்டும். ஆகவே சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, காகிதங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். பழைய நாளில் பிறப்பைப் பதியாமல் விட்டதால், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் எந்த விண்ணப்பத்தையும் நிரப்ப முடியாமல் தவித்த குடும்பங்கள் உண்டு. பதிவு இல்லாதவர்கள் வீட்டில் இருந்தால் அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும்.

இரண்டாவது, சேமநிதி. தொழிலாளர் சேமநிதி 1951ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றில் செஜாத்திரா என்னும் கணக்கிலிருந்து வீடு வாங்கவும் வீட்டுக் கடனைக் குறைக்கவும் பணம் எடுக்கலாம். முதலாளி ஒழுங்காகச் சந்தா கட்டுகிறாரா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கைப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுக்கக் கூடிய கணக்கில் உள்ள பணத்தைத் திருவிழாவுக்கும் கைத்தொலைபேசிக்கும் கரைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, இளம் வயதிலேயே விண்ணப்பம். வீட்டுக் கடன் வயதோடு கட்டுண்டது. முப்பது வயதில் தொடங்கினால் தவணை இலேசாக இருக்கும். ஐம்பதில் தொடங்கினால் கனக்கும். தோட்டத்து வீட்டில் வாடகை இல்லாமல் இருக்கும் காலம்தான் சேமிக்க ஏற்ற காலம். மாதம் 200 வெள்ளி ஒதுக்கினால் பத்து ஆண்டில் 24,000 வெள்ளி. அது ஒரு நல்ல முன்பணம். மாநில அரசின் வீட்டு இலாகாவில் பெயர் பதிவு செய்வதற்கு ஓய்வு பெறும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். நிலம் மாநில அரசின் கையில் உள்ள விஷயம் என்பதால் ஜொகூர் மாநில அரசின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

நான்காவது, பத்திரத்தில் பெயர். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருப்பது நல்லது. ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால் மற்றவரும் பிள்ளைகளும் தெருவுக்கு வரமாட்டார்கள்.

ஐந்தாவது, கேட்கும் பழக்கம். லயத்தில் கூரை ஒழுகினாலோ தண்ணீர் வராவிட்டாலோ, முதலில் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் சொல்லுங்கள். சரிவராவிட்டால் சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் கொண்டு செல்லுங்கள். எழுதத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். சட்டப்படி வர வேண்டியதைக் கேட்பது சண்டை அல்ல. தோட்டம் கைமாறப் போகிறது என்ற செய்தி காதில் விழுந்தால், மாற்று வீட்டைப் பற்றி விற்பனை முடிவதற்கு முன்பே எல்லாருமாகச் சேர்ந்து பேசுங்கள். கைமாறிய பிறகு பேசுவது கடினம்.

நேயர்களே, அரசாங்கம் வீட்டு விஷயத்தில் ஏன் தலையிடுகிறது என்ற கேள்விக்கு இப்போது சுருக்கமாக விடை சொல்லலாம். ஒருவர் வீட்டு நோய் இன்னொருவர் வீட்டுக்குப் பரவுகிறது. நிலமும் விலையும் உழைப்பவரின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன. வேலை கொடுப்பவர் கையிலேயே கூரையும் இருந்தால் தொழிலாளியின் குரல் தாழ்ந்துவிடுகிறது. இந்த மூன்றையும் தனியொரு குடும்பம் தன் முயற்சியால் மட்டும் மாற்ற முடியாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அந்த வளைக்கு வழி செய்வது அரசாங்கத்தின் வேலை. அதற்காகச் சேர்த்து வைப்பதும், கேட்டுப் பெறுவதும், பெற்றதைப் பேணுவதும் நம் வேலை. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் சேமநிதிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தத் தவணைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.